தூசி தட்டப் போய்

வண்டி வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் ராத்திரி ஏதோ ஒரு வளாகத்தின் அடித்தளப் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு இறங்கினேன். தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கு பானட்டில் விழுந்த இடத்தில் ஒரு சிலந்தி வலை தெரிந்தது. குனிந்து ஊதினேன், போகவில்லை. விரலால் தொட்டேன், எதுவும் ஒட்டவில்லை. இரண்டடி தள்ளி நின்றால் வலையும் கூடவே நகர்ந்து வருகிறது, விளக்கு எங்கே தெரிகிறதோ அங்கே அதைச் சுற்றி வட்டம் வட்டமாக. அப்புறம்தான் உறைத்தது. வலையாவது ஒன்றாவது, அத்தனையும் கீறல். ஆயிரக்கணக்கில், முடியைவிட மெல்லிய கீறல்கள். வண்டியை ஓட்டுவது நான், துடைப்பதும் நான், வேறு யாரும் கைவைப்பதில்லை. அதனால் யாரைத் திட்டுவது என்கிற குழப்பம் மட்டும் வரவில்லை.

கறுப்பு வாங்காதே என்று சொல்லாத ஆள் இல்லை. கேட்கவில்லை. வெள்ளையில் இதே கீறல் இருந்திருக்கும், கண்ணுக்குத்தான் தெரிந்திருக்காது.

எங்கள் குடியிருப்பில் வண்டி நிற்பது திறந்த வெளியில். பக்கத்தில் குழாய் கிடையாது, ஹோஸ் போட்டு வண்டி கழுவக் கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஒரு சாதாரணக் குழாய் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டும், கால் மணி நேரம் திறந்துவிட்டால் 150 லிட்டர், ஒரு தூசி படிந்த வண்டிக்கு அது அநியாயம்தான். ஆகவே நான் கண்டுபிடித்த வழி, தினமும் காலையில் ஒரு பழைய பனியனோடு கீழே இறங்குவது. ராத்திரி பெய்த பனி வண்டி முழுக்க முத்து முத்தாக நிற்கும், சரி, தண்ணீர் செலவு மிச்சம் என்று அதை அப்படியே பனியனால் வழித்துத் துடைத்துவிடுவேன். பளபளவென்று இருக்கும். பக்கத்து வண்டிக்காரர் பொறாமையோடு பார்ப்பதாக எனக்கு ஒரு நினைப்பு வேறு.

அந்த வலையைப் பார்த்த வாரமே, வண்டியைச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் ஒரு டீட்டெய்லிங் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்தவர் கையில் ஒரு டார்ச் விளக்கை எடுத்துப் பானட்டில் அடித்துப் பார்த்துவிட்டு, “தினமும் தொடைக்கிறீங்களா சார்?” என்றார். பெருமையாக “ஆமாம்” என்றேன். “காலையில, பனியோடவா?” என்றார். அந்தக் கேள்வியில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்து மெதுவாகத் தலையாட்டினேன். “வாட்டர் பேப்பர் போட்டுத் தேச்ச மாதிரி சார் அது” என்றார். பெயின்ட் அடிப்பவர்கள் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பார்களே, அந்தத் தாள். ராத்திரி முழுக்க படிந்த தூசி, அதன் மேல் கொஞ்சம் பனி, அதன் மேல் என் கை. வேறென்ன வேண்டும்?

அவர் ஒரு சின்னக் கருவியை எடுத்துப் பானட்டில் வைத்தார். 112 என்று காட்டியது. மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான், நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் தடிமன் இருக்கும். ஆக, இரண்டு முடியை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரும் உயரம்கூட இல்லை என் வண்டியின் மொத்தப் பெயின்ட். அந்த 112க்குள்தான் எல்லாம் அடக்கம்: தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு கண்ணாடிப் பூச்சு, கிளியர் கோட். நாம் பளபளப்பு என்று சொல்வது இந்தக் கடைசி அடுக்கைத்தான். வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் அதுதான். பொதுவாக 40, 50 மைக்ரான்தான் இருக்கும். பெயர்தான் கண்ணாடிப் பூச்சு, உண்மையில் அது ஒரு வகைப் பிளாஸ்டிக்.

இந்தப் பக்கம் தூசி. தூசி என்றால் பஞ்சு மாதிரி ஏதோ மென்மையான சமாச்சாரம் என்று ஒரு எண்ணம் நமக்கு இருக்கிறது. தெருத் தூசியில் நிறைய மணல் பொடி, மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. வைரம் 10. நம் விரல் நகம் இரண்டரை, ஜன்னல் கண்ணாடி ஐந்தரை. ஜன்னல் கண்ணாடியையே கீறக்கூடிய பொருளைத்தான் நான் தினமும் காலையில் பனியனுக்கு அடியில் வைத்து ஒரு பிளாஸ்டிக் பூச்சின் மேல் அழுத்தித் தேய்த்திருக்கிறேன். பனியன் எவ்வளவு மிருதுவாக இருந்தால் என்ன, கீறியது பனியனா?

வட்டமாகத் தெரிகிறதே, நான் வட்டமாகத் துடைத்ததால்தானோ என்று கேட்டேன். இல்லையாம். கீறல்கள் எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்றுதான் ஓடுகின்றன. ஒரு விளக்கின் ஒளி விழும்போது, அதைச் சுற்றி அமையும் கோணத்தில் இருக்கிற கீறல்கள் மட்டும் ஒளியைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும், மற்றவை இருட்டில் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் விளக்கு நகர்ந்தால் வட்டமும் நகர்கிறது. நன்றாகத் தேய்த்துத் தேய்த்துப் பழசான எவர்சில்வர் பாத்திரத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தால் இதே சங்கதி தெரியும்.

அவர் மெஷின் பாலிஷ் போட்டுக் கொடுத்தார். வலை போய்விட்டது. ஆனால் எப்படிப் போயிற்று என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. பாலிஷ் கீறலை அடைப்பதில்லை. கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்கிச் சமமாக்குகிறது, அவ்வளவுதான். போட்டு முடித்ததும் அதே இடத்தில் கருவி 109 காட்டியது. மூன்று மைக்ரான் போச்சு. ஒரு வண்டிக்கு இதை எண்ணி ஒரு சில தடவைதான் செய்யலாம், அதற்கு மேல் இருக்கிற பூச்சு மெலிந்து வெயிலில் உரிய ஆரம்பித்துவிடும். நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கிற அளவுக்கு ஆழமான கீறலாக இருந்தால் பாலிஷுக்குக் கட்டுப்படவும் கட்டுப்படாது.

என் மாமனாருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. முப்பது வருடம் காய்ந்த துணியாலேயே வண்டி துடைத்தவர். “எங்க காலத்துல தொடைச்சா துணியில கலரே வரும் மாப்பிள்ளை, அப்பவும் வண்டி ஓடாமயா போச்சு?” என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கிளியர் கோட் பரவலாக வந்ததே 1980களில்தான். அதற்கு முன்னால் நிறமே மேல் அடுக்கு, தேய்த்தால் நிறம் துணியில் வரும், அடியில் புது நிறம் பளிச்சென்று எட்டிப் பார்க்கும். அந்தப் பூச்சும் தடிமன். அவருடைய பழக்கத்தை அப்படியே என் வண்டிக்குக் கொண்டுவந்தது என் தப்பு.

சரி, தண்ணீர் இல்லாமல் இதை எப்படிச் செய்வது? அதற்கு முதலில் தண்ணீர் என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசிக்க வேண்டியிருந்தது. ஹோஸிலிருந்து வரும் தண்ணீருக்கு இரண்டு வேலை. ஒன்று, யாரும் கை வைப்பதற்கு முன்னாலேயே பெரும்பகுதி மண்ணை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. இரண்டாவது, ஷாம்பூவோடு சேர்ந்து மிச்ச மண்ணுக்கும் பெயின்டுக்கும் நடுவில் ஒரு வழுக்கலைக் கொடுக்கிறது. என் காலைப் பனி இந்த இரண்டில் ஒன்றையும் செய்யவில்லை. ஓடவும் இல்லை, வழுக்கவும் இல்லை, மண்ணைச் சேறாக்கியது. அப்படியானால் தண்ணீர் இல்லாமல் கழுவ வேண்டுமென்றால் இந்த இரண்டு வேலையையும் வேறு யாராவது செய்தாக வேண்டும்.

இரண்டாவது வேலைக்குத்தான் வாட்டர்லெஸ் வாஷ் என்று ஸ்ப்ரே பாட்டிலில் விற்கிறார்கள். (உள்ளே இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பது தனி நகைச்சுவை.) மீதியில் சோப்பு மாதிரி அழுக்கைப் பிடிக்கும் பொருள், வழுக்கலுக்குப் பாலிமர், சிலவற்றில் கொஞ்சம் மெழுகு. அடித்துவிட்டு அரை நிமிடம் விட்டால் தூசித் துகளுக்கும் பெயின்டுக்கும் நடுவில் ஊறி, துகளைச் சுற்றி ஒரு வழுவழுப்பான உறை மாதிரி ஆகிவிடுகிறது. துணி வந்து தொடும்போது துகள் பெயின்டில் தேயாமல் நழுவித் துணிக்குள் போக வேண்டும், அதுதான் ஏற்பாடு. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து அடித்தால் ஆகாதா என்று எனக்கும் தோன்றியது, அடித்தும் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்த திரவம் அது. இருக்கிற மெழுகையும் சேர்த்து எடுத்துவிடுகிறது, அலசாமல் விட்டால் திட்டுத்திட்டாகக் காய்கிறது, வழுக்கலும் போதவில்லை.

முதல் வேலை, அதாவது கை வைக்கும் முன்னாலேயே மண்ணை வெளியேற்றுவது, அதை எந்தப் பாட்டிலும் செய்யாது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. பாட்டில் மேல் எவ்வளவு அழுக்கானாலும் என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள், நம்பாதீர்கள். மழைச் சேறு காய்ந்த வண்டி, மணல் அப்பிய வண்டி, பனிக்கட்டி உருக உப்புத் தூவிய சாலையில் ஓடிய வண்டி, இதையெல்லாம் தண்ணீர் இல்லாமல் தொடவே கூடாது. பேசாமல் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் பிரஷரில் அடித்துவிட்டு வர வேண்டியதுதான். தண்ணீரில்லாத முறை தூசி படிந்த வண்டிக்கு. மண் படிந்த வண்டிக்கு அல்ல. பெயின்டின் நிறம் தூசிக்கு அடியில் ஓரளவு தெளிவாகத் தெரிந்தால் இறங்கலாம், நிறமே மங்கி ஒரு தோல் மாதிரிப் படிந்திருந்தால் வேண்டாம், இது என் கணக்கு. விரலால் தடவி எவ்வளவு தூசி என்று பார்க்கிற வேலை வேண்டாம், அதுவே ஒரு கீறல்.

விரல் என்றதும் நினைவுக்கு வருகிறது. என் மகள் ஒரு தடவை டிக்கியில் தூசி மேல் விரலால் ஒரு பூ வரைந்தாள். அன்றைக்கே துடைத்துவிட்டேன், பூ போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது ஐந்து இதழும் ஒரு காம்பும் இன்னும் தெரிகின்றன. பாலிஷ் போட்டவரிடம் டிக்கியை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். பூச்சு மிச்சமாகட்டும் என்று காரணம் சொன்னேன்.

மெல்லிய தூசி நாட்களில் முதல் வேலைக்குக் காற்று உதவுகிறது. என்னிடம் ஒரு சின்னப் பேட்டரி ஊதி இருக்கிறது, துடைப்பதற்கு முன் கூரையிலிருந்து கீழ்நோக்கி ஒரு சுற்று ஊதிவிடுவேன். கண்ணாடி ரப்பர் ஓரம், கிரில், வைப்பர் அடிப்பகுதி, இங்கேயெல்லாம் ஒளிந்திருக்கும் மண்தான் பிறகு துணியில் மாட்டும். ஊதலுக்கு வருவதெல்லாம் நாம் தொடாமலேயே போகிறது, அதுவே லாபம். மெழுகு ஏற்றிய பருத்தி நூல் துடைப்பம் ஒன்று விற்கிறார்களே, அதைப் பற்றி வண்டிப் பைத்தியங்கள் நடுவில் தீராத சண்டை உண்டு. என் கட்சி, கறுப்பு வண்டிக்கு வேண்டாம். மற்ற நிறத்துக்குச் சும்மா மேலோட்டமாக, அதன் சொந்தக் கனம்கூட விழாமல் இழுத்தால் பெரிய மோசம் வராது, ஆனால் அப்படி இழுக்கிற பொறுமை உள்ளவர்களை நான் பார்த்ததில்லை.

இப்போது துணி. இந்த விஷயத்தில் பாட்டிலைவிடத் துணிதான் பெரிய ஆள் என்பது என் அனுபவம், பணம் கம்மியாக இருந்தால் மட்டமான ஸ்ப்ரேயும் நல்ல துணியும் வாங்குங்கள், தலைகீழாக வேண்டாம். மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் பாலிஅமைடும் கலந்த இழை, பெரும்பாலும் 80க்கு 20 அல்லது 70க்கு 30 என்ற விகிதம். ஒவ்வொரு இழையையும் நீளவாக்கில் பல கீற்றாகப் பிளந்திருப்பார்கள், அந்தப் பிளவுகளுக்குள்தான் தூசி போய் உட்காருகிறது. பருத்தியில் அந்த இடம் இல்லை, பருத்தி தூசியை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். எல்லா மைக்ரோஃபைபரும் ஒன்றல்ல. சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். நான் துடைக்க 350க்கு மேல் எடுக்கிறேன். இழை உயரமாக, புசுபுசுவென்று இருந்தால் துகள் உள்ளே இறங்கிப் பெயின்டை விட்டுத் தள்ளிப்போகும். தட்டையான, சப்பையான துணி கண்ணாடிக்கு நல்லது, பெயின்டுக்கு அல்ல.

ஓரத் தையலைப் பாருங்கள். சில துணிகளில் நைலான் நூலால் ஓரம் அடித்திருப்பார்கள், அதுவே கீறும். சலவைக் குறிப்பு அச்சிட்ட அந்தக் குட்டித் துண்டு இருக்கிறதே, அதைத் துணி வாங்கின அன்றைக்கே வெட்டி எறிந்துவிட வேண்டும். துணி முரடா மிருதுவா என்று சந்தேகம் வந்தால் பழைய சிடி ஒன்றின் பளபளப்பான பக்கத்தை அழுத்தித் துடைத்துப் பார்க்கலாம். கோடு விழுந்தால் அந்தத் துணி சக்கரத்துக்கு. எங்கள் வீட்டில் கல்யாண வீடியோ சிடி ஒன்று அப்படித்தான் தியாகம் ஆயிற்று, ஓடாத சிடிதான், ஆனாலும் அதை இன்னும் சரியாக விளக்கி முடிக்கவில்லை.

ஒரு வண்டிக்கு எத்தனை துணி? நான் ஆறு எடுக்கிறேன். சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் கணக்கு இதுதான்: ஒரு சதுரத் துணியை ஒரு தடவை மடித்து இன்னொரு தடவை மடித்தால் பயன்படுத்தக்கூடிய பக்கம் எட்டு கிடைக்கும். ஒரு பக்கத்தால் பெயின்டில் ஒரு இழுப்பு, ரொம்பப் போனால் இரண்டு. பார்த்தால் அந்தப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அந்தக் கோட்டோடு திரும்பவும் பெயின்டுக்குப் போகக் கூடாது. பக்கம் மாற்று. எட்டும் தீர்ந்தால் அடுத்த துணி. இந்த ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் பார்த்துதான் பெரும்பாலானவர்கள் கெடுத்துக்கொள்கிறார்கள், ஸ்ப்ரே எல்லாம் ஒழுங்காக அடித்துவிட்டு, ஒரே துணியால் பானட்டில் தொடங்கி பம்பர் வரைக்கும் வந்து முடிப்பார்கள்.

செய்கிற விதம் இப்படி. வண்டி நிழலில் நிற்க வேண்டும், பானட்டில் உள்ளங்கையை வைத்தால் சுடக் கூடாது. சூட்டில் திரவம் துடைக்கும் முன்னாலேயே காய்ந்து, வழுக்கலும் போய்த் திட்டும் நின்றுவிடும். கூரையில் தொடங்குவேன். பாதிக் கூரைக்குத் தாராளமாக அடிப்பேன், தூசி நனைந்து கொஞ்சம் வழிய ஆரம்பிக்க வேண்டும், சிக்கனமாகப் புகை மாதிரி அடித்தால் பிரயோஜனம் இல்லை. துணியிலும் இரண்டு தடவை. அரை நிமிடம் சும்மா நிற்பேன், இதுதான் கஷ்டமான பகுதி. அப்புறம் துணியை வைத்து ஒரே நேர்க்கோட்டில் இழுப்பது, கையின் கனம்கூட அதன் மேல் விழாமல், நாம் இழுக்க அது கூட வருகிற மாதிரி. இழுப்பு முடிகிற இடத்தில் துணியை லேசாக மேல்நோக்கிச் சுருட்டித் தூக்கிவிட வேண்டும், அதோடு தூசியும் மேலே வந்துவிடும். திரும்பவும் பின்னால் தள்ளக் கூடாது. வட்டமாகத் தேய்க்கக் கூடாது. நேராக இழுத்தால் கீறலே விழாது என்று சொல்லவில்லை, விழுந்தாலும் ஒரே திசையில் விழும், கொஞ்சக் கோணங்களில் மட்டும்தான் தெரியும். இதெல்லாம் முடிந்து மிச்சம் இருக்கும் ஈரத்தை இன்னொரு காய்ந்த, புசுபுசு துணியால் மெல்ல ஒற்றி எடுக்கும்போதுதான் அந்தப் பளபளப்பு வரும்.

எங்கேயாவது தடுக்கினால், கரகரவென்று கையில் உணர்ந்தால், நிறுத்திவிட்டு மறுபடி ஸ்ப்ரே. போகாத கறையை அழுத்திப் போக்குகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, பாத்திரத்தில் பழகிய கை அது. வண்டியில் அதை விட்டுவிட வேண்டும்.

பறவை எச்சம் தனிக் கதை. அதில் யூரிக் அமிலம் இருக்கிறது, தவிர வெயிலில் பூச்சு இளகி, பிறகு சாயங்காலம் குளிரும்போது எச்சத்தைச் சுற்றி இறுகி, அந்த வடிவமே பெயின்டில் பதிந்துவிடும். அதனால் அது மட்டும் வார இறுதிவரை காத்திருக்காது. ஆனால் காய்ந்த எச்சத்தைச் சுரண்டவும் கூடாது, பறவை தின்ற மணலும் விதையும் அதில் உண்டு. துணியை நன்றாக ஸ்ப்ரேயில் நனைத்து அதன் மேல் போட்டுவிட்டு ஐந்து, பத்து நிமிடம் வேறு வேலை பார்க்கலாம். ஊறி இளகியதும் துணியோடு சேர்த்துக் கிள்ளி எடுக்கிற மாதிரித் தூக்கிவிடலாம், பக்கவாட்டில் இழுக்காமல்.

கதவுகளின் கீழ்ப்பாதியும் பின் பம்பரும் எப்போதும் கடைசி. சக்கரம் கிளப்பும் மண் முழுக்க அங்கேதான். ஊதிய பிறகும் மண் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுவேன், மேல்பாதி மட்டும் சுத்தமான வண்டியோடு ஓட்டுவதில் எனக்கு இப்போது வெட்கம் கிடையாது. சக்கரத்துக்குத் தனித் துணி, வேறு நிறத்தில். பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருக்கும், அந்தத் துணி ஒரு தடவை சக்கரம் தொட்டால் அதன் ஜாதகம் அத்தோடு முடிந்தது, எத்தனை துவைத்தாலும் பெயின்டுக்குத் திரும்பக் கூடாது. கதவுத் தூணில் கறுப்பாகப் பளபளக்கும் பிளாஸ்டிக் இருக்கிறதே, அது பெயின்டைவிடவும் மோசம், பார்த்தாலே கீறல் விழும். அதற்கு எப்போதும் புதுப் பக்கம், நிறைய ஸ்ப்ரே. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் வண்டி என்றால் மெழுகு கலந்த எதுவும் ஆகாது, அதற்கென்று உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

கண்ணாடிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, துடைத்தால் போதும்.

கொஞ்சம் தண்ணீர் கிடைக்கும் என்றால் இதைவிட நல்ல ஒரு நடுவழி இருக்கிறது, நான் இப்போது அதற்குத்தான் மாறிக்கொண்டிருக்கிறேன். ரின்ஸ்லெஸ் என்கிறார்கள். ஒரு வாளியில் எட்டு லிட்டர் தண்ணீர், அதில் அந்தத் திரவம் ஒரு மூடி அளவு, சில சரக்குகளில் 1க்கு 256 என்கிற அளவுக்கு நீர்த்துவிடலாம். துணிகளை மொத்தமாக உள்ளே போட்டு ஊறவைப்பது. ஒன்றை எடுத்து, லேசாகப் பிழிந்து, சொட்டச் சொட்ட ஒரு கதவைத் துடைத்துவிட்டு அந்தத் துணியை ஓரமாக வைத்துவிட வேண்டியது, வாளிக்குள் திரும்பப் போகக் கூடாது. அடுத்த கதவுக்கு அடுத்த துணி. வாளித் தண்ணீர் கடைசிவரை சுத்தமாக இருக்கும், அலச வேண்டியதில்லை, காய்ந்த துணியால் ஒற்றிவிட்டால் முடிந்தது. தரையில் ஒரு குவளைத் தண்ணீர்கூட ஓடாது, பலகை வைத்தவர்களுக்கும் ஆட்சேபணை இல்லை. ஈரம் அதிகம் என்பதால் ஸ்ப்ரேயைவிடக் கொஞ்சம் கூடுதலான அழுக்கைத் தாங்கும். வீட்டிலிருந்து ஒரு வாளி தூக்கிக்கொண்டு இறங்க முடிகிறவர்கள் நேரே இதற்கே போய்விடலாம் என்பேன்.

வண்டிக்கு உறை போட்டுவிட்டால் தூசியே படியாதே என்று மாமனார் யோசனை சொன்னார். போட்டும் பார்த்தேன். உறைக்கு அடியில் எப்படியும் கொஞ்சம் தூசி இருக்கும், காற்றடித்தால் உறை ராத்திரி முழுக்க அசைந்து அசைந்து அதைத் தேய்க்கும். நான் தூங்கும்போதும் எனக்குப் பதிலாக ஒருவர் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருப்பது மாதிரி. காற்றில்லாத மூடிய இடத்தில், சுத்தமான வண்டிக்கு உறை நல்லது. என் இடத்துக்குச் சரிப்படவில்லை, கழற்றி மடித்து வைத்துவிட்டேன்.

செராமிக் பூச்சு போட்டால் கீறலே விழாது என்று விற்பவர்களும் உண்டு. அது கண்ணாடியோடு உறவுள்ள சிலிக்கா பூச்சு, தூசி அவ்வளவாக ஒட்டாது, துடைக்கும்போது துணி வழுக்கிக்கொண்டு போகும், அந்த வகையில் கீறல் குறையும். ஆனால் தடிமனைக் கேட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான்தான். மணலோடு அழுத்தினால் அதிலும் கீறல் விழும்.

இத்தனையும் செய்தும் கீறலே விழவில்லையா என்று கேட்டால், விழுகிறது. போன மாதம் டார்ச் அடித்துப் பார்த்தபோது பானட்டில் ஏழெட்டு மெல்லிய கோடுகள், பழைய வலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, ஆனால் இருக்கிறது. ஒவ்வொரு தடவை தொடும்போதும் ஏதோ கொஞ்சம் போகத்தான் செய்யும். அதனால் நான் செய்த பெரிய மாற்றம் எது என்றால் ஸ்ப்ரேயோ துணியோ இல்லை, தினமும் துடைப்பதை நிறுத்தியதுதான். இப்போது பத்து நாளுக்கு ஒரு தடவை. நடுவில் வண்டி தூசியாகத்தான் நிற்கும், பக்கத்து வண்டிக்காரர் இப்போது பரிதாபமாகப் பார்ப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. படிந்து கிடக்கிற தூசி பெயின்டைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, அதை நகர்த்தும்போதுதான் வம்பு.

துணிகளைத் துவைப்பதிலும் கொஞ்சம் சட்டதிட்டம் வைத்திருக்கிறேன். மற்ற துணியோடு சேர்த்துப் போடக் கூடாது, பருத்தியின் பஞ்சு முழுக்க அந்தப் பிளவுகளில் போய் அடைத்துக்கொள்ளும். துணி மிருதுவாக்கும் திரவம் கூடவே கூடாது, இழையின் மேல் படலமாகப் படிந்து பிடிப்பே போய்விடும். இழை பிளாஸ்டிக் என்பதால் அதிகச் சூட்டில் உலர்த்தினால் நுனி உருகி முரடாகும், கொடியில் நிழலில் போட்டால் போதும். தரையில் விழுந்த துணி எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் அன்றைக்கு அதற்கு லீவு.

இதையெல்லாம் வீட்டில் ஒரு தடவை பொறுமையாக விளக்கியிருக்கிறேன், எல்லோரும் கேட்டுத் தலையாட்டினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தால் ஐந்து துணிதான் இருக்கிறது. புதிதாக வாங்கிய, புசுபுசுவென்று இருக்கிற நீலத் துணியைக் காணோம். தேடிக்கொண்டே அடுக்களைக்குப் போனேன். அடுப்பு மேடை பளபளவென்று இருந்தது.